ஒரு புள்ளிக்காக விழுப்புரத்துக்கு இரண்டு முறை

இந்த வலைப்பதிவில் இதுவரை கோயில், அருவி, பிரியாணி என்றுதான் எழுதியிருக்கிறேன். இந்த முறை தோட்டா வாங்கப் போன கதை. பயப்படாதீர்கள். முறையான உரிமம், முறையான கடை, முறையான அலைச்சல். பயிர்ப் பாதுகாப்புக்காக வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று நேரம், தூரம், டிக்கெட் விலை எல்லாவற்றையும் குறித்து வைத்தேன். துப்பாக்கி இல்லாதவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை.

போன பங்குனியில் ஒரு திங்கட்கிழமை காலை சரோஜா அக்கா போன் பண்ணினாள். திண்டிவனத்திலிருந்து மேல்மலையனூர் போகிற வழியில், பதினொரு கிலோமீட்டரில் அவளுக்கு ஒன்றரை ஏக்கர் நிலம். அதில் மல்லாட்டை. எங்கள் பக்கம் வேர்க்கடலைக்கு அதுதான் பெயர். பிடுங்க இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. காட்டுப்பன்றிகள் அதுவரை காத்திருக்கத் தயாராக இல்லை.

"தெனம் நாலு பாத்தி போவுதுடா. மாமா வாங்கி வச்சிருந்த தோட்டா தீந்துபோச்சு. கடக்காரன் குடுக்க மாட்டேன்றான். லைசென்ஸ்ல இன்னாவோ தப்பாம். நீ வந்து பாரு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. காரணம் இருக்கிறது. நான் இருபத்தாறு வருடமாக ஓர் அச்சகத்தில் மெய்ப்பு பார்க்கிறவன். ஒற்று விட்டுப்போனால் எனக்குச் சோறு இறங்காது. இரண்டு வருடத்துக்கு முன் மாமா, அதாவது அக்காவின் கணவர், தவறிப்போனபிறகு, அவருடைய துப்பாக்கி உரிமம் அக்கா பெயருக்கு மாறி வந்தது. வந்த அன்றே அதை வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு, எழுத்து எழுத்தாகப் படித்து, "சரியா இருக்குக்கா" என்று சொன்னவன் நான். நான் பார்த்த காகிதத்தில் தப்பா? கடைக்காரனை நாலு கேள்வி கேட்டுவிட்டு வருவது என்று கிளம்பினேன்.

செவ்வாய்க்கிழமை காலை 6.40-க்குக் கிளாம்பாக்கத்தில் பஸ். திண்டிவனம் சுமார் 90 கிலோமீட்டர், டிக்கெட் 90 ரூபாய். வழியில் டீ குடிக்க நிறுத்தியது போக 9.05-க்கு இறங்கினேன். அக்கா முன்னதாகவே கடைக்குப் போய் உட்கார்ந்திருந்தாள். நான் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே ஓர் ஆட்டோவில் ஏறினேன்.

"எங்க சார்?"

"தோட்டா கடைக்குப் போகணும்."

"ஏறு சார், தெரியும். அறுபது குடு."

தெரியும் என்றாரே என்று நானும் நிம்மதியாகச் சாய்ந்துகொண்டேன். ஆட்டோ ஊரைத் தாண்டி ஒரு வேப்ப மரத்தடியில் நின்றது. மரத்துக்குப் பின்னால் ஒரு கட்டடம். வாசலில் வரிசையாகக் கருப்புப் பைகளில் கன்றுகள். ஆயுதக் கடையில் எதற்குக் கொய்யாக் கன்று என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. அடையாளம் தெரியாமல் இருக்க இப்படி வைத்திருக்கிறார்கள் போலும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு உள்ளே போனேன். மேசையில் ஓர் இளம் அதிகாரி.

"தோட்டா வேணும்" என்றேன்.

"தோட்டம் போடப் போறீங்களா? எத்தினி ஏக்கர் சார்?"

"ஒண்ணரை."

"சிட்டா அடங்கல் எடுத்துக்கினு வந்திருக்கீங்களா?"

"அதெல்லாம் கேப்பாங்களா? லைசென்ஸ் இருக்கு."

"கொய்யாவுக்கு லைசென்ஸா?"

வெளியே வந்து போர்டைப் பார்த்தேன். தோட்டக்கலை அலுவலகம். ஆட்டோக்காரரிடம் கேட்டால், "நீதான சார் தோட்டக்கலன்னு சொன்ன" என்று என்மீதே பாய்ந்தார். தோட்டா கடை, தோட்டக்கலை. வேகமாகச் சொல்லிப் பாருங்கள், அவர்மேல் தப்பில்லை. தோட்டா என்றால் இன்னது என்று விளக்கியதும் அவர் முகம் மாறிவிட்டது. திரும்ப வருகிற வழியெல்லாம் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். மொத்தம் 140 ரூபாய். நடுவில் அக்கா போன்: "எங்கடா கீற? டீ ரெண்டு வாட்டி வாங்கிக் குடுத்துட்டாரு. பேஜாரா கீது."

கடை சின்னது. கம்பிக்கதவு, உள்ளே ஓர் இரும்புப் பீரோ, அக்கா உட்கார ஒரு ஸ்டூல். கடைக்காரர் அறுபது வயதுக்காரர். நல்ல மனிதர் என்பது பத்தாவது நிமிடம்தான் எனக்குத் தெரிந்தது. முதல் ஒன்பது நிமிடம் நான் கத்திக்கொண்டிருந்தேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு உரிமத்தை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"சார், இத கொஞ்சம் படிங்க. துப்பாக்கி வகை."

"ரைஃபிள், 22."

"உங்க அக்காகிட்ட இருக்கறது பாயிண்ட் டூ டூ. புள்ளி இருபத்திரண்டு. இதுல புள்ளிய காணோம்."

நான் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். புள்ளி இல்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அந்த எண் குழாயின் உள்வாய் அளவு, அங்குலக் கணக்கில். புள்ளி இருந்தால் சுமார் ஐந்தரை மில்லிமீட்டர். அந்தத் தோட்டாவின் முனை ஒரு மல்லாட்டைப் பருப்பைவிடச் சின்னது. எலி, பெருச்சாளி அளவு விவகாரங்களுக்காக வெளிநாட்டில் உண்டான சாதனம். புள்ளி இல்லாவிட்டால் வாய் இருபத்திரண்டு அங்குலம். கல்யாண வீட்டு அண்டாவை உள்ளே இறக்கலாம்.

"அதாவது," என்றார் கடைக்காரர், "உங்க அக்காவுக்குப் பீரங்கி வச்சுக்க பர்மிஷன் குடுத்திருக்காங்க. அதுக்குக் குண்டு நம்மகிட்ட ஸ்டாக் இல்ல."

அக்கா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். எனக்குத்தான் காது சூடாகிவிட்டது. ஆயிரக்கணக்கான பக்கங்களில் மெய்யெழுத்துகளின் தலையில் புள்ளி இருக்கிறதா என்று பார்த்தே தேய்ந்த கண்கள் இவை. அந்தக் காகிதத்திலும் 'க்', 'ப்', 'ச்' எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன். எண்ணுக்கு முன்னால் ஒரு புள்ளி வேண்டும் என்று மட்டும் புத்திக்கு எட்டவில்லை.

மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு யோசனை சொன்னேன். முந்தின நாள் முழுக்க இணையத்தில் படித்திருந்தேன். வெளிநாட்டில் இந்த மாதிரிச் சின்ன ரகத் தோட்டாக்களுக்கென்றே வெறிபிடித்த கூட்டம் இருக்கிறது. சுட்ட தோட்டாவின் வெறும் பித்தளைக் கூட்டை எடுத்துவைத்து, வீட்டிலேயே மருந்தை நிறுத்துப் போட்டு, புதுக் குண்டு பொருத்தி, எதில் எவ்வளவு என்று நோட்டுப் போட்டு எழுதிவைக்கிறார்கள். வாரக்கணக்கில் சண்டை போடுகிறார்கள். "அக்காகிட்ட காலிக் கூடு ஒரு டப்பா நிறைய இருக்கு. அதுலயே..." என்று ஆரம்பித்ததும் கடைக்காரர் எழுந்துபோய்க் கம்பிக்கதவைச் சாத்தினார்.

"சார், கையெடுத்துக் கும்பிடறேன். அத இங்க பேசாதீங்க. வீட்ல மருந்து அடைச்சா உள்ள தூக்கிப் போட்டுருவாங்க. தவிர இந்த ரகத்துல நெருப்புப் பத்தற மருந்து கூட்டோட பின் விளிம்புலயே இருக்குது. ஒரு தபா அடிச்சா விளிம்பு நசுங்கிடும். அதுக்கப்புறம் அது குழந்தைங்க ஊதி விளையாடத்தான் ஆவும்."

"இவன் சின்னப் புள்ளையிலேருந்தே இப்டித்தான்" என்று அக்கா அவருக்குச் சமாதானம் சொன்னாள்.

உரிமத்தில் திருத்தம் செய்ய வேண்டிய இடம் விழுப்புரம். எந்த அலுவலகம் என்று பெயர் சொல்லமாட்டேன். நான் எழுதினால் அதிலும் ஏதாவது விட்டுப்போகும்.

புதன்கிழமை காலை 8.15-க்கு அக்காவும் நானும் திண்டிவனத்தில் பஸ் ஏறினோம். விழுப்புரம் 38 கிலோமீட்டர், ஒருவருக்கு 35 ரூபாய், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஜன்னல் பக்கம் வேண்டுமானால் இடது வரிசையில் உட்காராதீர்கள், காலை வெயில் முழுக்க அங்கேதான். முந்தின நாளும் நாலு பாத்தி போயிருந்தது. அக்கா வழியெல்லாம் விரலை மடக்கி மீதிப் பாத்தியை எண்ணிக்கொண்டே வந்தாள். அவளுக்கு ஒரு வருடத்துக்கான எண்ணெய், விதை, மாத்திரைச் செலவு எல்லாம் அந்த ஒன்றரை ஏக்கரில்தான் இருக்கிறது. சிரிப்பெல்லாம் கடையோடு சரி.

அலுவலகத்தில் கூட்டம் குறைவு. 11.20-க்கே கூப்பிட்டுவிட்டார்கள். நாற்பது வயதிருக்கும் ஓர் எழுத்தர் அம்மா. "ஒரு புள்ளி விட்டுப்போச்சு மேடம்" என்றேன். "அவ்ளோதானே" என்று பைலை வரவழைத்து, கணினியில் ஏதோ தட்டி, பேனாவால் ஒரு புள்ளி வைத்து, உள்ளே அதிகாரியிடம் அனுப்பிச் சுருக்கொப்பமும் முத்திரையும் வாங்கிக் கொடுத்தார். 12.10-க்கு வேலை முடிந்தது. நான் காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். புள்ளி இருந்தது. திருப்தியாக மடித்துப் பையில் வைத்தேன். ஸ்டேஷன் பக்கம் ஒரு மெஸ்ஸில் அளவில்லாத சாப்பாடு, 90 ரூபாய். வத்தக்குழம்பு பிரமாதம். அரசாங்கம் என்றால் இழுத்தடிப்பார்கள் என்கிறவர்களைப் பற்றி அக்காவிடம் ஒரு சொற்பொழிவே நடத்தினேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில் கண் சொக்கியது. அக்கா காகிதத்தை எடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடா, புள்ளி அந்தாண்ட கீது?"

"புள்ளின்னா பின்னாடிதான்கா வைப்பாங்க" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனேன்.

கடைக்காரர் காகிதத்தைப் பார்த்துவிட்டு என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். "சார், நீங்க இன்னா வேலை பாக்கறதா சொன்னீங்க?"

'22.' என்று இருந்தது. அந்த அம்மா வைத்தது முற்றுப்புள்ளி. என் கண் ஏமாந்ததும் அங்கேதான். வரி முடிகிற இடத்தில் புள்ளி இருந்தால் மெய்ப்பு பார்க்கிறவனுக்கு மனசு நிறைந்துவிடும். இருபத்தாறு வருடப் பழக்கம் காலை வாரிவிட்டது. அக்கா என்னைத் திட்டவில்லை. "நாளைக்கி ஜல்தியா கெளம்பணும்" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை.

வியாழக்கிழமை அமாவாசை. மேல்மலையனூர் அங்காளம்மனுக்குப் போகிற கூட்டம் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் நெரிந்தது. ஊரிலிருந்து டவுனுக்கு வரவே எங்களுக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. எங்கள் பஸ்ஸுக்குள் எலுமிச்சம்பழக் கூடைகளோடு ஏறிவிட்ட ஒரு குடும்பம், அது எதிர்த்திசையில் போகிற பஸ் என்று தெரிந்து எங்கள் காலை மிதித்துக்கொண்டே இறங்கியது. விழுப்புரம் போய்ச் சேர 10.50. மறுபடி அதே மேசை, அதே அம்மா.

இந்த முறை அவர் முகம் சுருங்கியது. "ஏற்கெனவே திருத்தி முத்திர வச்சாச்சு சார். அதுமேல அடிச்சுத் திருத்தக் கூடாது. புது லைசென்ஸே போடணும். மூணு வாரம் ஆவும்."

மூன்று வாரம். பிடுங்க ஒன்பது நாள்தான் இருந்தது. நான் தசமப் புள்ளி என்றால் என்ன, அதன் முக்கியத்துவம் என்ன என்று ஆரம்பித்தேன். அந்த அம்மா அடுத்த பைலை எடுத்துவிட்டார். அக்கா என்னைக் கையால் ஒதுக்கிவிட்டு முன்னால் போனாள்.

"எம்மா, நான் பன்னிய சுடறதுக்குக் கேக்கலம்மா. சுட்டா ஃபாரஸ்ட்காரங்க கேஸ் போட்டுருவாங்க, தெரியும். எங்க கொல்லியோட அந்தக் கோடியில, ஏரிக்கரைய ஒட்டி, ஒரு எண்ணெ டின்னு கட்டித் தொங்கவுட்டிருக்கேன். பன்னி அந்தாண்டதான் எறங்கும். இருட்டுல அம்மாந்தூரம் என்னால போவ முடியாது. பம்பு செட்டாண்ட குந்திக்கினே டின்ன பாத்து ஒண்ணு அடிச்சன்னா டணார்னு சத்தம் வரும். எல்லாம் ஓடிடும். ஒரு நாளிக்கி ஒரு தோட்டா. அவ்ளோதாம்மா."

எழுத்தர் அம்மா பைலைக் கீழே வைத்தார். "டின்னுல படுமா?"

"படாம?"

"பட்டாசு வெடிச்சுப் பாக்கறதுதானே?"

"ரெண்டு நாள் ஓடிச்சு. மூணாம் நாள் நின்னு வேடிக்க பாக்குது."

அந்த அம்மாவுக்கு வளவனூர் பக்கம். அவர் அண்ணனுடைய கரும்பில் போன வருடம் பன்றி புகுந்து பாதியைச் சாய்த்துவிட்டதாம். டின் எவ்வளவு பெரியது, பின்னால் ஏரிக்கரை எவ்வளவு உயரம், குண்டு வேறு எங்கும் போகாதா என்று பத்து நிமிடம் விசாரித்தார். பிறகு பேனாவை எடுத்தார். இருந்த புள்ளியை அடிக்கவில்லை. 22-க்கு முன்னால் புதிதாக ஒன்று வைத்தார். '.22.' என்றானது. தானே உள்ளே எடுத்துக்கொண்டு போனார். கதவு திறந்திருந்ததால் பேச்சு கேட்டது.

"இது என்னம்மா ரெண்டு பக்கமும் புள்ளி?"

"முன்னாடி இருக்கறது அளவு சார். பின்னாடி இருக்கறது முற்றுப்புள்ளி சார்."

"இலக்கணம் சரியாத்தான் இருக்கு" என்று அதிகாரி கையெழுத்துப் போட்டார். என் வாழ்க்கையில் இவ்வளவு அழகான வாக்கியத்தை நான் கேட்டதில்லை.

மதியம் 2.45-க்குத் திண்டிவனம் கடை. கடைக்காரர் பூதக்கண்ணாடி வைத்தே பார்த்தார். இரண்டு புள்ளியையும் எண்ணினார். உரிமத்தில் பதிவு போட்டு 25 தோட்டா கொடுத்தார். அரை உள்ளங்கை அளவு பெட்டி. இதற்காகவா மூன்று நாள் என்று இருந்தது. ஆட்டோவில் ஊருக்கு 11 கிலோமீட்டர், 250 ரூபாய். டிரைவர் செவ்வாய்க்கிழமை வந்த அதே ஆள். "கன்னு வாங்கிட்டியா சார்?" என்றார்.

இனி, போகிறவர்களுக்கு. உரிமம் கைக்கு வந்த அன்றே எழுத்தை அல்ல, எண்ணைப் பாருங்கள். புள்ளி முன்னால் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். படித்த சொந்தக்காரனிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லாதீர்கள். அமாவாசையன்று திண்டிவனம் பக்கம் வேறு வேலை வைத்துக்கொள்ள வேண்டாம். ஆட்டோவில் "துப்பாக்கிக் கடை" என்று தெளிவாகச் சொல்லுங்கள், ஆனால் மெதுவாகச் சொல்லுங்கள். கடையில் காலிக் கூட்டைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள். விழுப்புரத்தில் சாப்பாட்டுக்கு 12.30-க்குள் போய்விடுங்கள், அப்புறம் வத்தக்குழம்பு தீர்ந்துவிடும். மல்லாட்டை என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். கால் ஏக்கர் பன்றிக்குப் போனது. மீதி முழுக்க வீடு வந்து சேர்ந்தது. எனக்கு ஒரு பை வந்தது. வறுத்துத் தின்றுகொண்டேதான் இதை எழுதுகிறேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் நடந்த ஒன்றை மட்டும் மேலே எழுதாமல் விட்டேன். ஆட்டோ போனதும் அக்கா பழைய டின்னைக் கழற்றிவிட்டுப் புது டின்னைக் கட்டிவிட்டு வந்தாள். பழையது சல்லடையாகி இருந்தது. வெளிச்சம் இருக்கும்போதே ஒன்று அடித்துப் பார்க்கலாம் என்று பம்பு செட்டு மேடையில் துப்பாக்கியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மணி ஐந்து இருபது. நான் பக்கத்தில் உட்கார்ந்து புலம்பிக்கொண்டிருந்தேன். ஒரு புள்ளியைப் பார்க்காமல் விட்டேனே, கால் ஏக்கர் என்னால் போச்சே என்று.

"எனக்கு அன்னிக்கே தெரியும்டா" என்றாள்.

"என்ன தெரியும்?"

"புள்ளி இல்லன்னு. மாமா லைசென்ஸ்ல இருந்துச்சு. முப்பது வருஷமா பாத்த எழுத்து, எனக்குத் தெரியாதா?"

எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. "அப்பவே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? மல்லாட்டை பிடுங்கற நேரத்துல வந்து நிக்கணுமா?"

அக்கா தோட்டாவை உள்ளே போட்டுக்கொண்டே சொன்னாள். "மாமா போயி மூணு மாசம்தான் ஆயிருந்துச்சு. நீதான் படிக்கறன்னு வாங்கின. மொத வரியிலயே 'காலஞ்சென்ற'ன்னு அவரு பேரு இருந்துச்சு. அதுக்கு மேல நீ எங்க படிச்ச? தண்ணி வழிய வழிய விரல வச்சி ஓட்டிக்கினு போன. 'சரியா இருக்குக்கா'ன்னு சொல்லிட்டு மாட்டாண்ட போயி நின்னுக்கின. அந்த நேரத்துல வந்து ஒரு புள்ளி இல்லடான்னு உன்கிட்ட சொல்லச் சொல்றியா?"

எனக்கு அந்த நாள் அப்படி நினைவிலேயே இல்லை. எழுத்து எழுத்தாகப் படித்தேன் என்றுதான் இரண்டு வருடமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இந்தக் கட்டுரையின் ஆரம்பத்தில் உங்களிடமும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். அதைத் திருத்தப் போவதில்லை.

அக்கா துப்பாக்கியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, தூரத்தில் ஏரிக்கரையோரம் தொங்கிய டின்னைக் குறிபார்த்தாள்.

"காத பொத்திக்கோடா" என்றாள்.

நான் கண்ணைத்தான் பொத்திக்கொண்டேன். டணார் என்று கேட்டது.